எறிந்த கல்லும் பழைய இரும்பும்

மாற்றல் உத்தரவு வந்த வீட்டைத் தில்லித் தமிழர்கள் வாயிலைப் பார்த்தே அறிந்துகொள்வர். பெட்டி படுக்கைகள் எல்லாம் வண்டியில் ஏறிய பின்னர், படிக்கட்டின் ஓரத்தில் இரண்டொரு பொருள்கள் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். ஓர் அம்மி, ஓர் ஆட்டுக்கல், சில வேளைகளில் கால் வளைந்த இரும்புக் கட்டில் ஒன்று. ஊரிலிருந்து அரும்பாடுபட்டு இரயிலேற்றிக் கொண்டுவந்த கல்லை மற்றோர் ஊருக்குத் தூக்கிச் செல்ல ஒருவருக்கும் மனம் வருவதில்லை. வண்டிக்கூலிக்குப் பொருளும் போதுவதில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் வாக்கு. மாற்றல் உத்தரவோ மனிதரைத்தான் நகர்த்துகிறது. அம்மியை நகர்த்தும் வலிமை அதற்கு இல்லை.

இவ்வாறு விடப்பட்ட கற்கள் எங்கள் சங்கக் கட்டடத்தின் பின்முற்றத்தில் நெடுநாளாகச் சேர்ந்து கிடந்தன. தெருவில் எறிய மனமில்லாதவர்கள், 'சங்கத்திலாவது இருக்கட்டும்' என்று கொண்டுவந்து வைத்துச் சென்றவை அவை. சென்ற கோடையில் படிப்பகத்தின் தரையைப் புதுப்பிக்க முற்பட்டபோது, பெயர்த்தெடுத்த கோட்டா கற்களும், பழைய சமையற்கட்டு மேடையின் நீண்ட பலகைக் கற்களும் அக்குவியலோடு சேர்ந்தன. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி நின்ற இரும்புச் சட்டமும், மாற்றப்பட்ட சன்னல் கம்பிகளும் அவற்றின் மேல் வந்து விழுந்தன. அனைத்தையும் அள்ளிச் செல்ல ஒப்பந்தக்காரர் கூலி கேட்டார். அதே வாரத்தில், படிப்பகத்திற்கு மேசைகளும் விசிப்பலகைகளும் வாங்குவதற்கான விலைப்பட்டியலும் வந்து சேர்ந்தது.

ஒரு கையால் கூலி கொடுத்துக் கல்லையும் இரும்பையும் எறிந்துவிட்டு, மறு கையால் விலை கொடுத்து மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேசையை வாங்குவது அறிவுடைமை ஆகுமா என்று செயற்குழுவில் மூத்த அம்மையார் ஒருவர் வினவினார். அங்கிருந்தோர் எவரும் வாய் திறக்கவில்லை. அவ்வினாவிற்கு விடை காண நாங்கள் மேற்கொண்ட முயற்சியையும், அதில் கற்றவற்றையும், செய்த பிழைகளையும் அன்பர்கள் முன் வைக்கின்றோம். பிழைகளையும் எழுதுவது, அவற்றை நீங்களும் செய்யாதிருக்கும் பொருட்டே.

கல்லின் வரலாறு

வட இந்தியாவில் வாழும் நம்மவர்களுக்குக் கோட்டா கல்லை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. இரயில் நிலைய மேடைகளிலும், பள்ளிக்கூடத் தாழ்வாரங்களிலும், அரசாங்கக் குடியிருப்புகளிலும் நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் பசுமையும் நீலமும் கலந்த கல் அதுவே. ராஜஸ்தானத்தில் கோட்டா, ஜாலாவார் மாவட்டங்களில், ராம்கஞ்ச் மண்டியைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலிருந்து அது வெட்டியெடுக்கப்படுகின்றது. சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்த அது, பாறையிலேயே பாளம் பாளமாகப் படிந்திருப்பதால், பலகைபோல் பிளந்து வரும். எனினும் வெட்டும்போது உடைவதும், அளவில் சேராததும், ஓரம் சிதைந்ததும் ஏராளம். அவை சுரங்கங்களின் அருகே குன்றுகளாகக் குவிக்கப்பட்டுள்ளன. நம் காலடியில் கிடக்கும் ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும், எங்கோ ஓரிடத்தில் ஒரு கற்குவியல் இருக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள கிஷன்கட் பளிங்குக் கல் வாணிகத்தால் பெயர் பெற்ற ஊர். பளிங்கை அறுக்கும்போது நீரோடு கலந்து வழியும் வெண்ணிறச் சேற்றை அவ்வூருக்கு வெளியே கொட்டிக் கொட்டி, இன்று அது பனி மூடிய நிலம்போல் காட்சி அளிக்கின்றது. மணமக்கள் அங்கே சென்று நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர், திரைப்படக்காரர்களும் வருகின்றனர். கழிவே காட்சிப் பொருளாகிவிட்டது! கண்ணுக்கு அழகாயினும், உலர்ந்தபின் காற்றில் பறக்கும் தூசு அது என்பதை மறத்தல் ஆகாது.

தமிழர்களுக்குக் கல் புதியதன்று. நம் சிற்றூர்களில் கல் திண்ணையே வழிப்போக்கருக்கு நாற்காலியும் கட்டிலுமாக இருந்தது. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல், தலைச்சுமையை இறக்கி வைக்கும் மேசையாகப் பயன்பட்டது. தேய்ந்துபோன ஆட்டுக்கல் கிணற்றடியில் துவைகல்லாக மாறும். உடைந்த உரல் கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகும். கல்லை எறிவது என்ற வழக்கமே அக்காலத்தில் இல்லை. அந்த வழக்கம் நமக்கு நகரத்தில் வந்து சேர்ந்தது.

இரும்பின் வரலாறு

இரும்பு, கல்லைப்போல் அன்று. உருக்கினால் மீண்டும் புதுப்பிறவி எடுக்க வல்லது. இந்திய அரசின் எஃகு அமைச்சகம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட பழைய எஃகு மறுபயன்பாட்டுக் கொள்கை ஒரு கணக்கைத் தருகின்றது. ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதுவும், 630 கிலோ நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிச்சமாகும் என்பது அக்கணக்கு. அலுமினியத்திலோ இலாபம் இன்னும் பெரிது. தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே பழையதை உருக்கப் போதும்.

குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள அலங்கு என்னும் இடத்தில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கின்றனர். அங்குக் கடல் ஏற்றம் மிக உயர்ந்து எழுவதால், பெருங்கப்பல்களையும் கரைமேல் ஏற்றிவிட முடிகின்றது. கப்பலின் எஃகுத் தகடுகள் ஆலைகளுக்குச் செல்கின்றன; மேசை, நாற்காலி, கட்டில் முதலியவை சாலையோரக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அகமதாபாத்திலும் பாவ்நகரிலும் வாழும் நம்மவர் பலர் இக்கடைகளைப் பார்த்திருப்பர். தில்லியிலோ, மேற்குப் பகுதியில் உள்ள மாயாபுரி பழைய இரும்புக்குப் பேர் போனது. நம் ஊரில் காயலான்கடை என்றும், இங்கே கபாடி என்றும் சொல்லப்படும் வாணிகத்தின் பெரிய உருவம் அது.

உருக்குவது நன்று, உருக்காமலே பயன்படுத்துவது அதனினும் நன்று. உருக்குவதற்கும் நெருப்பு வேண்டும் அன்றோ? நேரான ஒரு சட்டம் வேறொரு சட்டமாகவே நின்று பணி செய்யுமாயின், அதற்குச் செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. கல்லுக்கும் இஃதே பொருந்தும். இடித்த கட்டடங்களின் சிதைவுகளை அரைத்து நடைபாதைக் கற்களாக மாற்றும் ஆலை 2009-ஆம் ஆண்டில் தில்லி புராரியில் தொடங்கப்பட்டது. அது போற்றத்தக்க பணியே. ஆயினும் முழுதாக இருக்கும் பலகைக் கல்லை அரைத்துப் பொடியாக்குவது, நல்ல வேட்டியைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவதற்கு ஒப்பாகும்.

ஓர் அகதியின் தோட்டம்

இவ்விடத்தில் நேக் சந்த் என்னும் பெரியாரை நினைவுகூராமல் மேலே செல்ல இயலாது. இன்று பாகிஸ்தானத்தில் உள்ள பகுதியில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1947-இல் நாடு பிரிந்தபோது ஊரை இழந்து இப்பக்கம் வந்தார். லெ கார்புசியே வகுத்த திட்டப்படி சண்டிகர் நகரம் எழுந்துகொண்டிருந்த நாட்களில், அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். புதிய நகரத்துக்கு இடம் தருவதற்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடந்த கற்கள், உடைந்த பீங்கான், கண்ணாடி வளையல் துண்டுகள், பழைய இரும்பு முதலியவற்றை அவர் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, காட்டுப் பகுதி ஒன்றில் எவரும் அறியாமல் சேர்த்தார். 1950-களின் இறுதியில் தொடங்கிய இப்பணி, பகலில் அலுவலும் இரவில் தோட்டமுமாகப் பல ஆண்டுகள் நடந்தது.

அரசாங்க நிலத்தில் அனுமதியின்றி அமைத்தது அது. 1970-களில் அதிகாரிகள் கண்டபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். நல்லூழாக அவ்வாறு நேரவில்லை. 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஊரை இழந்து வந்த ஒருவர், ஊர்களை இழந்த மக்களின் வீட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு தோட்டம் படைத்தார் என்பதில் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. அவர் செய்தது கலை. நாங்கள் செய்ய முயன்றது மேசை. இரண்டிற்கும் தேவைப்படும் கண் ஒன்றே.

முதல் பிழை

நிற்க. கதையைவிட்டு வேலைக்கு வருவோம். பெயர்த்த கற்களில் ஏறத்தாழப் பாதி பெயர்க்கும்போதே உடைந்துவிட்டன. காரணம் எங்கள் அவசரமே. சம்மட்டியால் நடுவில் அடித்துப் பெயர்க்கக் கூடாது. இரு கற்கள் சேரும் இடத்தில் உளியைச் செலுத்தி, ஒரு மூலையிலிருந்து மெல்ல நெம்பி எழுப்ப வேண்டும். எஞ்சியவற்றைக் கழுவி அடுக்கியபின், கொத்தனார் ஒருவர் எங்களுக்கு ஒரு சோதனை கற்றுத் தந்தார். கல்லை ஓரத்தில் நிறுத்திச் சிறு சுத்தியால் தட்ட வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு. சிலை வடிக்கும் சிற்பிகள் கையாளும் முறையும் இதுவே.

முதல் மேசையைச் செய்தோம். நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் கொண்ட சமையல் மேடைக் கல்லை, நாற்புறமும் மட்டும் தாங்கும் இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தோம். பார்க்க அழகாகவே இருந்தது. மூன்றாம் நாள் அன்பர் ஒருவர் மின்விளக்கை மாற்றுவதற்காக அதன்மேல் ஏறி நின்றார். படீரென்ற ஓசையுடன் கல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டதால் அவர் காயமின்றித் தப்பினார்.

கல்லின் இயல்பை நாங்கள் உணராததே பிழை. கல் அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும், வளைவைத் தாங்காது. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம் இதுவே. கல் உத்திரம் நெடுந்தூரம் தாங்கலின்றி நிற்க முடியாது என்பதை அறிந்தே ஆயிரங்கால் மண்டபம் கட்டினர். கண்முன் இருந்த பாடத்தை நாங்கள் படிக்கத் தவறினோம். பிறகு செய்த மேசைகளில் சட்டத்தின் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகளைச் சேர்த்தோம். உடைந்த இரு துண்டுகளையும் எறியவில்லை. சேரும் இடத்தின் அடியில் ஒரு பட்டை வருமாறு சட்டம் அமைத்தபோது அவையும் ஒரு மேசையாயின.

இரண்டாம் பிழை

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. கல்லின் ஓரங்களைச் சமன்செய்ய ஓர் இளைஞரை அமர்த்தியிருந்தோம். மின்சாரத்தால் சுழலும் கை அறுவை இயந்திரத்தை வைத்து, நீர் ஊற்றாமல் உலர்ந்த கல்லையே அவர் அறுத்தார். சிறிது நேரத்தில் முற்றம் முழுவதும் வெண்புகை சூழ்ந்தது. அவர் வாயில் ஒரு கைக்குட்டை மட்டுமே கட்டியிருந்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்து, எவ்வளவு பணம் மிச்சமாயிற்று என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நண்பகல் உணவின்போது அந்த இளைஞர் தம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். ராஜஸ்தானத்தில் கரௌலிப் பக்கத்துச் சிற்றூர். தந்தையார் மணற்கல் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஐம்பது வயது நிரம்பும் முன்னரே மூச்சுத் திணறி இறந்தார். 'எங்கள் ஊரில் இது புதிதல்ல' என்று அவர் சொன்ன முறை எங்களை வெட்கப்படச் செய்தது.

கல்தூளில் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் படிந்து, அதை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றது. சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். வந்தபின் அதை மாற்றும் மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி. மணற்கல்லில் சிலிக்கா மிகுதி. தில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையும் பழைய நாடாளுமன்றக் கட்டடமும் தோல்பூர் மணற்கல்லின் அழகைத் தாங்கி நிற்பவை. அத்தகைய கல்லை வெட்டும் மாநிலத்தில் இந்நோய் எவ்வளவு பரவியிருந்ததென்றால், 2019-ஆம் ஆண்டில் ராஜஸ்தான் அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. கோட்டா கல்லும் பளிங்கும் வேறு இனம் என்றாலும், அவற்றின் தூசையும் மூச்சில் ஏற்பது தீங்கே. கருங்கல்லிலோ சிலிக்கா நிறைய உண்டு.

அன்று மாலையே வேலையை நிறுத்தினோம். மறுநாள் முதல் நீர்க்குழாயைப் பொருத்திக் கல்லை நனைத்துக்கொண்டே அறுக்கச் செய்தோம். மின் இயந்திரத்தில் நீர் படுவது ஆபத்தாதலால், நீர் அறுவைக்கென்றே அமைந்த இயந்திரத்தையும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் கருவியையும் வாடகைக்கு எடுத்தோம். தூசை வடிக்கும் முறையான முகமூடியும் வாங்கித் தந்தோம். சேற்றைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டியில் தேக்கி, ஈரமாகவே அள்ளி அகற்றினோம். உலர்ந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்குவது மீண்டும் அதைக் காற்றில் எழுப்புவதாகும். இவற்றால் செலவு கூடியது உண்மை. கழிவுப் பொருளில் செய்த மேசை மலிவாக இருக்கலாம். அம்மலிவு ஒருவருடைய மூச்சிலிருந்து பிடுங்கப்பட்டதாக இருத்தல் ஆகாது. எங்கள் முயற்சியில் நாங்கள் கற்ற தலையாய பாடம் இதுவே.

செய்யும் முறை

இனி, இல்லங்களில் இதைச் செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

முதலில் எடையைக் கணக்கிடுதல் வேண்டும். ஒரு கன மீட்டர் கோட்டா கல்லின் எடை ஏறத்தாழ 2,600 கிலோ. நான்கடிக்கு இரண்டடி, ஓர் அங்குலக் கனம் கொண்ட பலகை 49 கிலோ அளவில் இருக்கும். அதைத் தாங்கும் ஆங்கிள் இரும்பு, 40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உடையதாயின், மீட்டருக்கு 3 கிலோ. ஒரு மேசைக்கு ஒன்பது மீட்டர் வேண்டும். ஆக, மேசை 75 கிலோ எடைக்குக் குறையாது. மாடி வீடுகளில் வாழ்வோர் அஞ்ச வேண்டியதில்லை. குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமையைத் தாங்குமாறு வகுக்கப்படுவது வழக்கம். ஆனால் மிகுந்த கற்களையெல்லாம் ஒரே மூலையில் அடுக்கி வைப்பது தவறு.

இரண்டாவது, சட்டத்தைப் பற்றவைப்பதா, போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டுவதா என்பது. ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர் பற்றவைக்கலாம். நம் போன்றோருக்குப் பூட்டுவதே ஏற்றது. மாற்றல் வந்தால் கால்களைக் கழற்றிக் கட்டி எடுத்துச் செல்லலாம். நீண்ட ஒரே கல்லுக்குப் பதிலாக இரண்டடிச் சதுரக் கற்கள் இரண்டை அருகருகே அமைத்தால், ஒவ்வொன்றும் 25 கிலோ எடைக்குள் அடங்கும். இருவர் எளிதில் தூக்கலாம். கல்லைப் படுக்கைவாட்டில் தூக்காமல் செங்குத்தாகவே தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் எடையாலேயே முறியக்கூடும்.

மூன்றாவது, கல்லையும் இரும்பையும் நேரே ஒட்டவைக்க வேண்டாம். வெப்பத்தில் இரும்பு கல்லைவிட அதிகமாக விரியும். தில்லியில் மே மாதத்தில் 45 பாகை. சனவரியில் 5 பாகை. இடையில் இரப்பர்த் துண்டுகளை வைத்தால் கல்லும் நழுவாது, விரிசலும் காணாது.

நான்காவது, நம் சமையலுக்கு ஏற்ற கல் எது என அறிதல். கோட்டா கல், கடப்பைக் கல், பளிங்கு ஆகிய மூன்றும் சுண்ணாம்பைச் சார்ந்தவை. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்டால் மெருகு அழிந்து மங்கிய வடு தோன்றும். இரசம் வைத்த பாத்திரத்தின் வட்டம் என்றும் மறையாது! எனவே உணவு மேசைக்குக் கருங்கல்லே உகந்தது. படிக்கும் மேசைக்கு மற்றவை போதும். எந்தக் கல் என்று தெரியாவிடில் ஓரத்தில் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை விட்டு, சிறிது நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஐந்தாவது, பழைய இரும்பில் காக்க வேண்டிய எச்சரிக்கை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் பழைய பூச்சைக் குழந்தைகள் உள்ள இடத்தில் உலர்வாகச் சுரண்டலாகாது. நனைத்துத் தேய்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். மூடிய பீப்பாய்களை வெட்ட முற்படவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கக்கூடும். இன்னதென்று தெரியாத கருவிகளையும், கனத்த உறைகளையும் காயலான்கடையிலிருந்து வாங்குதல் வேண்டா. 2010 ஏப்ரலில் மாயாபுரிக்குப் பழைய இரும்போடு வந்து சேர்ந்த ஓர் ஆய்வுக் கருவியினுள் கோபால்ட்டு-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. அதை அறியாமல் பிரித்ததால் பலர் நோயுற்றனர். ஒருவர் உயிர் இழந்தார். நமக்கு வேண்டியவை வெறும் சட்டமும் கம்பியுமே, அவற்றோடு நின்றுகொள்வோம்.

துருவைத் தேய்த்து நீக்கி, சிவப்பு ஆக்சைடு முதற்பூச்சு ஒன்றும், அதன்மேல் வண்ணம் இரண்டு முறையும் பூசினால் இரும்பு நெடுநாள் நிலைக்கும். கல்லின் ஓரங்களையும் மூலைகளையும் மழுங்கத் தேய்ப்பது, குழந்தைகள் உள்ள இல்லங்களில் கட்டாயம்.

அம்மியின் இடம்

இவ்வாறு நான்கு மேசைகளும் மூன்று விசிப்பலகைகளும் படிப்பகத்தில் அமைந்தன. கோடையில் அக்கல்லின் குளிர்ச்சி இதமாக இருந்தது. பனிக்காலத்திலோ அமர முடியவில்லை! அதற்கும் வழி கண்டோம். பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து மேலே விரித்தோம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் மாலைதோறும் வருகின்றனர். மேசை ஆடுவதில்லை என்பதே அவர்கள் தரும் சான்றிதழ்.

எல்லாம் முடிந்தபின் முற்றத்தில் மூன்று அம்மிகள் எஞ்சின. அவற்றையும் தாழ்ந்த இரும்புக் கால்களில் பொருத்தி இருக்கைகள் ஆக்கலாம் என்றோர் இளைஞர் யோசனை கூறினார். மூத்த அம்மையார் உடனே மறுத்தார். 'பெண்கள் தலைமுறை தலைமுறையாக அரைத்த கல் அது. கல்யாணத்தில் மணமகள் கால் வைக்கும் கல். அதன்மேல் உட்காருவதா?' என்றார். 'அப்படியானால் இங்கே மழையில் கிடப்பது மட்டும் மரியாதையா, அம்மா?' என்று இளைஞர் பணிவோடு கேட்டார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. குழு சிறிது நேரம் பேசாதிருந்தது.

பின்னர் அந்த அம்மையாரே வழி கூறினார். இரண்டு அம்மிகளைப் படிப்பக வாயிலில் இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்தி, அவற்றின்மேல் தண்ணீர்ப் பானைகள் வைத்தோம். தாகத்தோடு வருபவர்க்கு நீர் தரும் இடம் அம்மிக்கு இழிவன்று. மூன்றாவது அம்மியைத் தனியே மெருகேற்றி, நாலங்குல உயரமுள்ள உறுதியான சட்டத்தில் பொருத்தி, சங்கத்தில் வைத்திருக்கின்றோம். தில்லியில் மகளுக்கு மணம் முடிக்கும் குடும்பங்களில் பலவற்றில் இன்று அம்மி இல்லை. கடைசி நேரத்தில் எங்கெங்கோ தேடுகின்றனர். இனித் தேட வேண்டியதில்லை. வேண்டுவோர் சங்கச் செயலரிடம் முன்னதாகச் சொல்லி எடுத்துச் செல்லலாம். மணம் முடிந்ததும் திருப்பித் தருதல் வேண்டும். இருவர் வந்தால் தூக்க இயலும்.

எந்தக் குடும்பம் அதை விட்டுச் சென்றது என்பது எவருக்கும் நினைவில்லை. அவர்கள் இன்று எந்த ஊரில் இருக்கின்றார்களோ, அறியோம். இந்த இதழ் அவர்கள் கைக்கு எட்டுமாயின், ஒரு செய்தியை மகிழ்வோடு தெரிவிக்கின்றோம்: உங்கள் அம்மி எறியப்படவில்லை. சென்ற தை மாதத்தில் அதன்மேல் ஒரு மணமகள் கால் வைத்தாள்.